மூத்திரக் கடுப்புக்கு எந்த மாத்திரை, யாருக்கு, எத்தனை நாள்?

மூத்திரக் கடுப்போடு கிளினிக்குக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒன்றைத்தான் கேட்கிறார்கள்: "டாக்டர், நல்ல ஸ்ட்ராங்கான மருந்தா குடுங்க, நாளைக்கு ஷிப்ட் இருக்கு." மெர்கோங் தொழிற்பேட்டையில் நின்றபடியே வேலை பார்க்கும் பெண்ணுக்கும், பீடோங் பக்கம் செம்பனைக் குலை வெட்டும் ஆணுக்கும் ஒரு நாள் சம்பளம் போவது சின்ன விஷயமில்லை. அவர்கள் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த நோயில் மருந்தின் பலத்தைப் பற்றிய கேள்வி கடைசியில்தான் வரவேண்டும். கிருமி உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது? விழுங்கும் மருந்து அந்த இடத்துக்குப் போய்ச் சேருமா? நம் ஊர்க் கிருமி அதற்கு இன்னும் அடங்குகிறதா? உங்கள் சிறுநீரகமும், நீங்கள் ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகளும் அதற்கு ஒத்துவருமா? இவற்றுக்குப் பதில் தெரிந்த பிறகுதான் சரியான மாத்திரை எது என்று சொல்ல முடியும்.

மலேசியாவில் ஆன்டிபயாட்டிக் மருந்துகள் 1952-ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வருகின்றன. டாக்டர் எழுதித் தராமல் ஃபார்மசியில் வாங்க முடியாது, வாங்கவும் கூடாது. ஆகவே இந்த அத்தியாயம் நீங்களே மருந்தைத் தேர்ந்தெடுப்பதற்கு அல்ல. டாக்டர் முன்னால் உட்காரும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும், கையில் கொடுத்த மாத்திரையை எப்படிச் சாப்பிட வேண்டும் என்பதற்காக எழுதியது.

கீழேயா, மேலேயா

சிறுநீர்த் தொற்றில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஈ.கோலை என்ற பாக்டீரியா. ஜெர்மன் குழந்தை மருத்துவர் தியோடோர் எஷெரிச் 1885-இல் கண்டு சொன்ன கிருமி இது. நம் குடலில் சாதாரணமாக வாழ்வது, சிறுநீர்க் குழாய் வழியாக மேலே ஏறினால் தொல்லை தருகிறது. பெண்களுக்கு அந்தக் குழாய் நீளம் குறைவு. அதனால்தான் இந்த நோய் அவர்களை அதிகம் பிடிக்கிறது. சுத்தமில்லாத பெண்ணுக்குத்தான் இது வரும் என்று வீட்டில் பெரியவர்கள் சொன்னால் அதை நம்ப வேண்டாம்.

கிருமி மூத்திரப் பையோடு நின்றுவிட்டால் எரிச்சல், அடிக்கடி போக வேண்டும் என்ற அவசரம், போனால் நாலு சொட்டு, அடிவயிற்றில் வலி, சில சமயம் ரத்தம் என்று இருக்கும். காய்ச்சல் இருக்காது. கிருமி சிறுநீரகம் வரை ஏறிவிட்டால் காய்ச்சல், உடம்பு தூக்கிப்போடும் நடுக்கம், முதுகின் பக்கவாட்டில் விலாவுக்குக் கீழே வலி, வாந்தி எல்லாம் வரும். மருந்து மாறுவது இந்த ஒரு வித்தியாசத்தில்தான். டாக்டர் கேட்காவிட்டாலும் "காய்ச்சல் இருந்தது" அல்லது "காய்ச்சல் இல்லை" என்று நீங்களாகவே சொல்லுங்கள். பனடோல் போட்டுக்கொண்டு போனால் கிளினிக்கில் காய்ச்சல் தெரியாது, அதையும் சொல்லிவிடுங்கள்.

எல்லாக் கடுப்பும் தொற்று ஆகாது. வெயிலில் வேலை செய்து தண்ணீர் குடிக்காமல் இருந்தால் மஞ்சளாக, கெட்டியாக இறங்கும் நீரே எரியும். இரண்டு மூன்று கிளாஸ் தண்ணீரில் அது அடங்கிவிடும். அரிப்பும் வெள்ளைப்படுதலும் சேர்ந்திருந்தால் பூஞ்சையாக இருக்கலாம். சர்க்கரை நோய்க்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிடுகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும். மூத்திரத்தோடு சர்க்கரையை வெளியேற்றுவதுதான் அந்த மருந்துகளின் வேலை, பூஞ்சை அந்தச் சர்க்கரையில் வளர்கிறது. அதற்கு ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் பூஞ்சை இன்னும் பெருகும். கல் இருந்தாலும், உடலுறவால் பரவும் நோய் இருந்தாலும் எரிச்சல் ஒன்றுபோலவே தெரியும். டாக்டர் மூத்திரத்தில் குச்சி நனைத்துப் பார்க்கும் பரிசோதனையை "வேண்டாம், மருந்து மட்டும் குடுங்க" என்று தட்டிக் கழிக்காதீர்கள். அரசாங்க கிளினிக் கெசிஹாத்தானில் குடிமக்களுக்கு வெளிநோயாளர் கட்டணம் 1 வெள்ளிதான்.

மூத்திரப் பையில் மட்டும் தொற்று என்றால்

இனி ஒப்பீட்டுக்கு வருவோம். முதலில் கர்ப்பமில்லாத, சிறுநீரகக் கோளாறு இல்லாத, காய்ச்சல் இல்லாத பெண். கிளினிக்குக்கு வருபவர்களில் இவர்களே அதிகம்.

இவர்களுக்கு என் முதல் தேர்வு நைட்ரோஃபுராண்டாயின். 1953-இல் வந்த பழைய மருந்து. ரத்தத்தில் அது அதிகம் தங்குவதில்லை. விழுங்கியதும் வடிகட்டப்பட்டு மூத்திரத்தில் போய்ச் சேருகிறது. உடம்பு முழுக்கப் பரவாததால் இதைப் பலவீனமான மருந்து என்று நினைக்கிறவர்கள் உண்டு. ஆனால் கிருமி மூத்திரப் பையில் இருக்கும்போது மருந்தும் அங்கேதானே வேண்டும்? கிருமியை இது ஒரே இடத்தில் தாக்காமல் பல இடங்களில் ஒரே நேரத்தில் தாக்குகிறது. அதனால் 70 ஆண்டுகளுக்குப் பிறகும் ஈ.கோலை இதற்குப் பெரும்பாலும் அடங்கியே இருக்கிறது. குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவையும் அவ்வளவாகக் கெடுக்காது. வழக்கமாக 5 நாள். சாதாரண மாத்திரையாக இருந்தால் ஒரு நாளைக்கு நாலு வேளை, மெதுவாகக் கரையும் வகையாக இருந்தால் இரண்டு வேளை. எந்த வகை கையில் கொடுத்தார்கள் என்று உறையைப் பாருங்கள். சாப்பாட்டோடு சேர்த்துத்தான் விழுங்க வேண்டும். அப்போதுதான் குமட்டல் குறையும், மருந்தும் நன்றாக உறிஞ்சப்படும். நீர் பழுப்பு நிறமாக இறங்கினால் பயப்பட வேண்டாம்.

இரண்டாவது கோ-டிரைமாக்சசோல். பாக்டிரிம் என்ற பெயரில் பலருக்குத் தெரியும். தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரெசர் கொடுத்த சல்பா மாத்திரையின் வழிவந்தது. கிருமி இதற்கு அடங்கும் ஊரில் 3 நாளே போதும். 2007-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 338 பெண்களில் ஒரு பாதிக்கு இதை 3 நாளும் மறு பாதிக்கு நைட்ரோஃபுராண்டாயினை 5 நாளும் கொடுத்துப் பார்த்தது. குணமானவர்கள் முறையே 79, 84 விழுக்காடு. இரண்டும் ஏறக்குறைய சமம் என்பதே முடிவு. ஆனால் அதே ஆய்வில், கிருமி கோ-டிரைமாக்சசோலுக்கு அடங்காததாக இருந்த பெண்களில் அந்த மாத்திரை வேலை செய்தது பாதிப் பேருக்கும் குறைவாகத்தான். ஆகவே அமெரிக்கத் தொற்றுநோய் மருத்துவர் சங்கம் 2010-இல் ஒரு கோடு போட்டது: ஊரில் நூற்றுக்கு 20-க்கு மேல் கிருமிகள் இதற்கு அடங்காவிட்டால், பரிசோதனை செய்யாமல் இதைக் கொடுக்கக் கூடாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, ஈ.கோலை சிறுநீர்த் தொற்றுகளில் ஐந்தில் ஒன்று ஆம்பிசிலின், கோ-டிரைமாக்சசோல், ஃப்ளூரோகுவினோலோன் போன்ற வழக்கமான மருந்துகளுக்குச் சரியாக அடங்கவில்லை. கல்ச்சர், அதாவது மூத்திரத்தில் உள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் பரிசோதனை, முடிவு கையில் இருந்தால் நல்ல மருந்து, இல்லாவிட்டால் அதிர்ஷ்டத்தை நம்பும் மருந்து என்பதே கோ-டிரைமாக்சசோலைப் பற்றி என் கருத்து.

மூன்றாவது ஃபாஸ்ஃபோமைசின். 3 கிராம் பொடியைத் தண்ணீரில் கலக்கி ஒரே தடவை குடித்தால் முடிந்தது. ஷிப்ட் வேலைக்கு இதைவிட வசதி கிடையாது. ஆனால் வசதியும் குணமும் ஒன்றல்ல. ஜெனீவா, போலந்தின் லோட்ஸ், இஸ்ரேலின் பெட்டா டிக்வா ஆகிய மூன்று ஊர்களில் 513 பெண்களிடம் நடந்த ஆய்வு 2018-இல் வெளியானது. நைட்ரோஃபுராண்டாயின் 5 நாள் சாப்பிட்டவர்களில் 28 நாள் கழித்தும் குணமாக இருந்தவர்கள் 70 விழுக்காடு. ஃபாஸ்ஃபோமைசின் ஒரு தடவை குடித்தவர்களில் 58 விழுக்காடு. மாத்திரையை ஐந்து நாள் ஒழுங்காகச் சாப்பிட முடிகிறவர்களுக்கு நைட்ரோஃபுராண்டாயினே மேல். வேறு மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும், பல மருந்துகளுக்கு அடங்காத ஈஎஸ்பிஎல் வகைக் கிருமி மூத்திரப் பையில் இருப்பவர்களுக்கும் ஃபாஸ்ஃபோமைசினை வைத்துக்கொள்வது நல்லது. எல்லாக் கிளினிக்கிலும் அது இருக்காது என்பதையும் மனதில் வையுங்கள்.

பென்சிலின் குடும்பத்தைச் சேர்ந்த அமாக்சிசிலின்-கிளாவுலானேட், செஃபலோஸ்போரின் வகையான செஃபலெக்சின், செஃபுராக்சிம் ஆகியவை நம் ஊர்க் கிளினிக்குகளில் தாராளமாகக் கிடைப்பவை. வேலை செய்யும், ஆனால் முதல் வரிசையில் வைக்கும் அளவுக்கு இல்லை. 2005-இல் வெளியான ஆய்வில் 3 நாள் அமாக்சிசிலின்-கிளாவுலானேட் 58 விழுக்காட்டினரையே குணப்படுத்தியது. சிப்ரோஃப்ளாக்சசின் 77 விழுக்காட்டினரை. ஆகவே இந்த வகை மாத்திரை கொடுத்தால் நாட்கள் கூடும். டாக்டர் ஐந்து, ஏழு நாள் என்று எழுதினால் மூன்றாம் நாளே நிறுத்திவிடாதீர்கள். வயிற்றுப்போக்கும் பூஞ்சையும் இவற்றில் அதிகம். தனி ஆம்பிசிலின், தனி அமாக்சிசிலின் இரண்டையும் கல்ச்சர் பார்க்காமல் இந்த நோய்க்கு எடுத்துக்கொள்வதில் பயனில்லை, ஈ.கோலை அவற்றுக்கு நெடுநாளைக்கு முன்பே பழகிவிட்டது.

இப்போது ஃப்ளூரோகுவினோலோன் குடும்பத்தைச் சேர்ந்த சிப்ரோஃப்ளாக்சசின். மேலே சொன்ன எண்ணைப் பார்த்தால் அதுதானே ஜெயித்தது என்று தோன்றும். 2012-இல் இன்னொரு ஆய்விலும் அது செஃபலோஸ்போரின் வகையான செஃப்போடாக்சிமை 93-க்கு 82 என்று முந்தியது. "ஸ்ட்ராங்கான மருந்து" என்று கேட்பவர்கள் கையில் வந்து விழுவதும் பெரும்பாலும் இதுதான். ஆனாலும் சாதாரண மூத்திரப் பைத் தொற்றுக்கு இதை முதலில் எடுக்க வேண்டாம் என்று அழுத்திச் சொல்கிறேன். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2016-இல், வேறு வழி இருக்கும்வரை சிக்கலில்லாத சிறுநீர்த் தொற்றுக்கு இந்தக் குடும்ப மருந்துகளைக் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. காரணம் தசைநார். குதிகாலுக்கு மேலிருக்கும் தடித்த நார் வீங்கலாம், அறுந்தும் போகலாம். தோள்பட்டையிலும் அப்படி நேரலாம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கும் இந்த ஆபத்து அதிகம். நீளக் கம்பில் அரிவாள் கட்டி நாள் முழுக்க அண்ணாந்து குலை வெட்டுகிறவருக்கு, விடியற்காலையில் மரத்துக்கு மரம் ஓடிப் பால் வெட்டுகிறவருக்குத் தோளும் காலும் போனால் என்ன மிஞ்சும்? மூன்று நாள் எரிச்சலுக்காக அந்த ஆபத்தை ஏற்க வேண்டியதில்லை. சிறுநீரகத் தொற்றுக்கும் ஆண்களின் புராஸ்டேட் தொற்றுக்கும் வாய்வழியாகக் கொடுக்கக்கூடிய சில நல்ல மருந்துகளில் சிப்ரோ ஒன்று. சின்ன விஷயத்துக்கெல்லாம் அதைச் செலவழித்தால், உண்மையில் தேவைப்படும் நாளில் கிருமி அதற்கு அடங்காது.

ஆன்டிபயாட்டிக்கே இல்லாமல் சமாளிக்க முடியாதா என்று கேட்பவர்களுக்கும் ஆய்வு இருக்கிறது. ஜெர்மனியில் 494 பெண்களில் ஒரு பகுதியினருக்கு ஃபாஸ்ஃபோமைசினும் மற்றவர்களுக்கு வலி மாத்திரையான ஐபுபுரோஃபெனும் கொடுத்தார்கள். 2015-இல் முடிவு வெளியானது. வலி மாத்திரை சாப்பிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் ஆன்டிபயாட்டிக் இல்லாமலே தேறினார்கள். ஆனால் அவர்களுக்கு எரிச்சல் அதிக நாள் நீடித்தது, சிறுநீரகத் தொற்றும் அந்தப் பக்கத்தில்தான் கூடுதலாக வந்தது. லேசான எரிச்சல், காய்ச்சல் இல்லை, வேறு நோய் இல்லை என்றால் டாக்டரைக் கேட்டு ஒன்றிரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. சர்க்கரை நோயாளிகளும் கர்ப்பிணிகளும் ஆண்களும் இந்தச் சோதனையைச் செய்ய வேண்டாம்.

மாத்திரை உறையைப் பிரிக்கும் முன்

மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் ஜி6பிடி குறைபாடு இருக்கிறதா என்று பார்த்துவிடுகிறார்கள். "இந்தப் பிள்ளைக்கு அந்துருண்டை ஆகாது" என்று தாதி சொன்னது பல தாய்மாருக்கு ஞாபகம் இருக்கும். அந்தப் பிள்ளை வளர்ந்து பெரியவரான பிறகும் குறைபாடு போவதில்லை. அவர் நைட்ரோஃபுராண்டாயின் சாப்பிட்டால் ரத்தச் சிவப்பணு உடைந்து உடம்பு வெளுத்துக் கண் மஞ்சளாகும். கோ-டிரைமாக்சசோலிலும் கவனம் வேண்டும். பழைய பிறப்பு அட்டையைத் தேடி எடுத்து, இது உங்களுக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். இந்த ஒரு விஷயத்தை டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் நான் மேலே முதல் இடம் கொடுத்த மருந்தே உங்களுக்கு விஷமாகும்.

சிறுநீரகம் ஏற்கெனவே பழுதடைந்தவர்களுக்கு நைட்ரோஃபுராண்டாயின் மூத்திரத்தில் போய்ச் சேராது. நோயும் தீராது, பக்க விளைவும் கூடும். கிளினிக்கில் கடைசியாக எடுத்த ரத்தப் பரிசோதனையில் சிறுநீரகம் எந்த அளவில் வேலை செய்கிறது என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

நம் வீடுகளில் நாற்பது வயதுக்கு மேல் மாத்திரைப் பெட்டி இல்லாதவர் அரிது. 2019-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்குச் சர்க்கரை நோய். இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடம்தான் மிக அதிகம். கிளிக்லாசைடு, கிளிபென்கிளமைடு சாப்பிடுகிறவர்கள் கோ-டிரைமாக்சசோலோ சிப்ரோவோ எடுத்தால் சர்க்கரை திடீரென்று இறங்கி வியர்த்து மயங்க வாய்ப்பு உண்டு. ரத்த அழுத்தத்துக்குப் பெரிண்டோபிரில் சாப்பிடுகிறவர்களுக்குக் கோ-டிரைமாக்சசோல் ரத்தத்தில் பொட்டாசியத்தை ஏற்றும். வயதானவர்களுக்கு அது இதயத் துடிப்பையே குழப்பும். வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்கு ரத்தக்கசிவு அபாயம். தனியார் கிளினிக்குக்குப் போகும்போது அரசாங்கக் கிளினிக்கில் வாங்கும் மாத்திரைகளை உறையோடு எடுத்துப் போவது இதற்காகத்தான். "பிரஷர் மாத்திரை, வெள்ளையா, சின்னதா இருக்கும்" என்று சொன்னால் டாக்டருக்கு எதுவும் புரியாது.

சிப்ரோவைப் பாலோடும் மைலோவோடும் தே தாரிக்கோடும் விழுங்காதீர்கள். பாலில் இருக்கும் கால்சியம் மருந்தைப் பிடித்துவைத்து உடம்பில் சேரவிடாது. கால்சியம், இரும்புச்சத்து மாத்திரைகளும் வயிற்றெரிச்சல் மருந்தும் அப்படியே. அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சிப்ரோவை வையுங்கள்.

ஃபார்மசியில் சீட்டு இல்லாமல் கிடைக்கும் யூரல் பாக்கெட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். எரிச்சல் குறைவது உண்மை. ஆனால் அது கிருமியைக் கொல்லாது. மூத்திரத்தின் புளிப்பை அது மாற்றுவதால் நைட்ரோஃபுராண்டாயினின் வேலை குறைகிறது. சிப்ரோவோடு சேர்ந்தால் மூத்திரத்தில் மருந்து படிகமாகலாம். சோடியம் இருப்பதால் ரத்த அழுத்தக்காரர்களுக்கும் இதயம் பலவீனமானவர்களுக்கும் நல்லதில்லை. பார்லித் தண்ணீரும் இளநீரும் தாகத்துக்குக் குடியுங்கள், மருந்துக்குப் பதிலாக அல்ல. சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு இளநீரும் வேண்டாம். அதில் பொட்டாசியம் அதிகம்.

காய்ச்சலோடு வந்தால்: கெடாவில் ஒரு தனி எச்சரிக்கை

காய்ச்சலும் நடுக்கமும் முதுகுவலியும் இருந்தால் நைட்ரோஃபுராண்டாயினும் ஃபாஸ்ஃபோமைசினும் உதவாது. சிறுநீரகச் சதைக்குள் அவை போதிய அளவு போவதில்லை. வாந்தி இல்லாமல் மாத்திரை நிற்கும் நிலையில் இருந்தால் சிப்ரோ போன்றவை பயன்படும். ஸ்வீடனில் நடந்து 2012-இல் வெளியான ஆய்வு, பெண்களின் சிறுநீரகத் தொற்றுக்கு 7 நாள் சிப்ரோவே 14 நாளுக்குச் சமம் என்று காட்டியது. வாந்தி, தலைசுற்றல், குழப்பமான பேச்சு, மூத்திரம் வராமல் நிற்பது என்றால் கிளினிக்கில் நேரம் போக்காமல் மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அலோர் ஸ்டார் பக்கத்தவர்களுக்குச் சுல்தானா பாஹியா மருத்துவமனை, சுங்கைப்பட்டாணி, பீடோங் பக்கத்தவர்களுக்குச் சுல்தான் அப்துல் ஹாலிம் மருத்துவமனை. வண்டி இல்லாவிட்டால் 999.

நம் மாநிலத்தில் இதைத் தாண்டியும் ஒரு கவலை உண்டு. வயல் சேற்றிலும் ஈர மண்ணிலும் வாழும் ஒரு பாக்டீரியா மெலியோய்டோசிஸ் என்ற நோயைத் தருகிறது. அலோர் ஸ்டார் வட்டாரத்தில் 2005 முதல் 2008 வரை 145 நோயாளிகளைப் பதிவு செய்து, 2010-இல் அதன் ஆய்வை வெளியிட்டார்கள். சர்க்கரை நோயாளிகளையே இது அதிகம் தேடிப் பிடிக்கிறது. பெரும்பாலும் நுரையீரலைத் தாக்கும். ஆண்களுக்குப் புராஸ்டேட்டில் சீழ் கட்டியும் வரும். அப்போது தெரிவது காய்ச்சல், மூத்திரம் போகச் சிரமம், அடிவயிற்று வலி. பார்த்தால் சாதாரண சிறுநீர்த் தொற்று போலவே இருக்கும். வழக்கமான மாத்திரைகள் இதைக் குணப்படுத்தாது. மருத்துவமனையில் படுக்க வைத்து செஃப்டாசிடிம் போன்ற ஊசி மருந்தை வாரக் கணக்கில் செலுத்தி, பிறகு கோ-டிரைமாக்சசோலை மாதக் கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

ஆகவே சர்க்கரை நோய் உள்ள ஓர் ஆணுக்கு, அவர் வயலிலோ தோட்டத்திலோ கட்டுமான மண்ணிலோ வேலை செய்பவராக இருந்து, மூத்திரக் கோளாறோடு காய்ச்சல் வந்து ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டும் இறங்கவில்லை என்றால், "நான் சேற்று மண்ணில் வேலை செய்கிறேன், மெலியோய்டோசிஸ் பார்க்க வேண்டுமா டாக்டர்?" என்று வாய்விட்டுக் கேளுங்கள். எலிக்காய்ச்சலும் இதே மனிதர்களுக்கு மழைக்காலத்தில் வருவது. வேறு மாநிலத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்த டாக்டருக்கு உங்கள் வேலையைப் பற்றிய இந்த ஒரு வாக்கியம் பெரிய உதவி.

காய்ச்சல் இல்லாத ஆண்களுக்கும் கல்ச்சர் கட்டாயம் எடுக்க வேண்டும். நைட்ரோஃபுராண்டாயின் புராஸ்டேட்டுக்குள் போவதில்லை என்பதால் சிப்ரோவோ கோ-டிரைமாக்சசோலோ இங்கே நியாயமான மருந்து. 2021-இல் வெளியான அமெரிக்க ஆய்வில் காய்ச்சல் இல்லாத 272 ஆண்களுக்கு இவற்றை 7 நாளும் 14 நாளும் கொடுத்துப் பார்த்ததில் குணமடைந்தவர்கள் முறையே 93, 90 விழுக்காடு. 7 நாள் போதும்.

கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள்

கர்ப்பிணிகளுக்கு எரிச்சலே இல்லாவிட்டாலும் மூத்திரத்தில் கிருமி இருந்தால் மருந்து கொடுக்க வேண்டும். விட்டால் சிறுநீரகத்துக்கு ஏறும். செஃபலெக்சின், அமாக்சிசிலின்-கிளாவுலானேட் பொதுவாகக் கொடுப்பவை. நைட்ரோஃபுராண்டாயினைப் பிரசவம் நெருங்கிய வாரங்களில் கொடுப்பதில்லை. முதல் மூன்று மாதம் கோ-டிரைமாக்சசோல் கூடாது. கடைசி மாதத்திலும் கூடாது. சிப்ரோ வேண்டாம். தனியார் கிளினிக்குக்குப் போனாலும் தாய்சேய் கிளினிக்கில் கொடுத்த இளஞ்சிவப்புப் புத்தகத்தைக் கொண்டுபோங்கள். கைக்குழந்தைக்குக் காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் மூத்திரப் பரிசோதனை செய்யச் சொல்லுங்கள். வீட்டு மருந்து எதுவும் தராதீர்கள்.

முதியவர்களிடம் நேர்மாறான தவறு நடக்கிறது. பாட்டியின் மூத்திரம் கலங்கலாக இருக்கிறது, வாடை வருகிறது என்று பரிசோதனை செய்தால் கிருமி இருக்கத்தான் செய்யும். எரிச்சலோ காய்ச்சலோ இல்லாவிட்டால் அதற்கு ஆன்டிபயாட்டிக் தேவையில்லை. மூத்திரக் குழாய் போட்டுப் படுத்திருப்பவர்களுக்கும் அப்படியே. மாதவிடாய் நின்ற பெண்களுக்குத் திரும்பத் திரும்பத் தொற்று வந்தால் பெண்ணுறுப்பில் தடவும் ஈஸ்ட்ரோஜன் கிரீமைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். 1993-இல் வெளியான ஆய்வில் அதைப் பயன்படுத்தியவர்களுக்கு ஆண்டுக்கு 0.5 தடவையும் பயன்படுத்தாதவர்களுக்கு 5.9 தடவையும் தொற்று வந்தது. வெட்கத்தால் இதைக் கேட்காமல் வருடக்கணக்கில் மாத்திரை விழுங்கும் பெரியம்மாக்கள் நம்மிடையே நிறையப் பேர்.

கல்ச்சர் எடுப்பதும் படிப்பதும்

முதல் மாத்திரையை விழுங்கும் முன்பே மூத்திரம் கொடுத்துவிட வேண்டும். கழுவிவிட்டு, முதலில் வருவதை விட்டு, நடுவில் வருவதைப் பாட்டிலில் பிடியுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் கொடுக்க முடியாவிட்டால் குளிர்பெட்டியில் வையுங்கள். முடிவு வர இரண்டு மூன்று நாள் ஆகும். அதில் கிருமியின் பெயரும் ஒவ்வொரு மருந்துக்கும் எதிரே ஓர் எழுத்தும் இருக்கும்: எஸ் என்றால் அடங்கும், ஆர் என்றால் அடங்காது. கிருமியின் பெயர் புரோட்டியஸ் என்றிருந்தால் நைட்ரோஃபுராண்டாயின் வேலை செய்யாது, கல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். முடிவைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை தொற்று வந்தால் டாக்டர் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மருந்து தொடங்கி 48 மணி நேரத்தில் குறையவில்லை என்றால் அளவைக் கூட்டாமல் திரும்பிப் போங்கள். எழுதிய நாட்களை முடியுங்கள். மிச்சமிருந்தால் பக்கத்து வீட்டு அக்காவுக்குக் கொடுக்காதீர்கள்.

திரும்ப வராமல் இருக்க

பல்கேரியாவில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், அடிக்கடி தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் வழக்கத்தைவிட 1.5 லிட்டர் கூடுதலாகத் தண்ணீர் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 தடவையும் மற்றவர்களுக்கு 3.2 தடவையும் தொற்று வந்தது. பக்க விளைவு இல்லாமல் தொற்றைப் பாதியாக்கும் மாத்திரை எதுவும் எனக்குத் தெரியாது. இதயமும் சிறுநீரகமும் பலவீனமாகித் தண்ணீர் அளவு சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரைக் கேட்டுக் குடியுங்கள்.

ஆனால் தண்ணீர் குடித்தால் டாய்லெட் போக வேண்டும். லைனை நிறுத்த முடியாது என்று தண்ணீர் பாட்டிலைத் திறக்காமலே எட்டு மணி நேரத்தை ஓட்டும் பெண்கள் தொழிற்சாலைகளில் இருக்கிறார்கள். மறைவான இடம் இல்லாமல் மதியம் வீடு திரும்பும்வரை அடக்கிக்கொள்ளும் பெண்கள் தோட்டத்தில் இருக்கிறார்கள். லைன் லீடர்களும் சூப்பர்வைசர்களும் தோட்ட மண்டோர்களும் இந்தப் புத்தகத்தைப் படித்தால் அவர்களிடம் ஒன்று கேட்கிறேன்: உங்கள் கீழ் வேலை செய்யும் பெண்கள் கேட்காமலே எழுந்து போய்வர ஐந்து நிமிடம் கொடுங்கள், வேலைக்காட்டில் தண்ணீரும் கதவு சாத்தும் ஒரு கழிவறையும் வையுங்கள்.